கயிற்றில் அவரவர் இடம்

ஆடிக்காற்று மண்ணை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வசந்தம் நகர் மூன்றாவது தெருவில், தெற்கு வரிசை வீடுகளின் வாசலையொட்டி, டிரான்ஸ்பார்மரின் அடியில் மண்ணுக்குள்ளிருந்து புறப்பட்டு, கடைசிப் பாலத்தடியில் மண்ணுக்குள்ளேயே இறங்கிப்போகும் ஒரு கயிறு இடுப்புயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்த பால்காரர், குனிந்து அதற்கடியில் புகுந்து, அளக்க வேண்டிய பாலை அளந்துவிட்டு, மறுபடி குனிந்து வெளியே வந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. புண்ணாக்கு விற்கிற விலையில் ஒரு மனுஷன் எதையெதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

கயிறு மணிக்கட்டுப் பருமன் இருந்தது. இரண்டு புரி, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் போயின. தேங்காய் நாரும் இல்லை, நைலானும் இல்லை. தொட்டால், இப்போதுதான் பால் குடித்த குழந்தையின் வயிறுபோல வெதுவெதுவென்று இருந்தது. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானவர் தர்மலிங்கம். அவர் டெஸ்டரைக் கொண்டுவந்து கயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. மின்சாரம் இல்லாத எதுவும் ஆபத்தில்லை என்பது அவர் கட்சி. தாராளமாகத் துணி காயப்போடலாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பாவாடையும் பனியனும் பள்ளிக்கூடச் சீருடையும் ஆடிக்கொண்டிருந்தன.

மளிகைக்கடை பொன்னுச்சாமிக்கு முழங்கால் வலி. கடைக்குப் போகும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கை வழுக்கிக்கொண்டே போனது, வழுக்கிக்கொண்டே போனது, தபால்பெட்டிக்கு எதிரே வந்ததும் கயிறு கையை விட்டுவிட்டுத் தானாக அவர் இடுப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் மனுஷன் கால் மடங்கி, தோள் சுருங்கி, தாடை முழங்காலில் பதிய, அரிசி மூட்டைபோல உருண்டு போய்விட்டார். அந்த நிமிஷம் தெருவிளக்கெல்லாம் எரிந்தது, நட்ட நாளிலிருந்து எரியாத கடைசி விளக்கு உட்பட. அவர் ஓரடி பின்வாங்கினார்; கயிறு விட்டுவிட்டது, உடம்பு பழையபடி தொளதொளத்தது, விளக்கும் அணைந்தது.

"வலி ஒண்ணும் இல்லப்பா. சொல்லப்போனா சொகமாத்தான் இருந்துச்சு" என்றார் பொன்னுச்சாமி.

அதற்கப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? தெருவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தது. தையல்காரி மும்தாஜ் தன் இடத்துக்கு வந்ததும் ஒற்றைக்காலில் நிமிர்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவள் நின்றவரை தெருவில் ஒரு கொசு இல்லை. பாங்கில் வேலைபார்க்கும் ஒருவர் வில்லாக வளைந்தார். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி அப்படியே வாயடைத்தது. சிலர் வந்தால் ஒன்று தொடங்கும், சிலர் வந்தால் ஒன்று நிற்கும். கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையைத் தேய்த்தும் எங்கேயும் ஒட்டாதவர்களும் இருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதுபோல அவர்கள் முகம் வாடியது. உங்கள் இடம் அடுத்த தெருவில் இருக்கும் என்று தர்மலிங்கம் சமாதானம் சொன்னார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் யாரோ சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பெண் பார்க்க வருகிறவர்கள், பையனுக்குக் கயிற்றில் இடம் உண்டா, நின்றால் என்ன நடக்கும் என்று விசாரிக்கிற அளவுக்கு விஷயம் சாதாரணமாகிவிட்டது.

கயிற்றைத் தொடாதவள் ஒருத்திதான். எதிர் வரிசையில் குடியிருந்த மங்கையர்க்கரசி, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிற டீச்சர். கணவருக்குச் சூரத்தில் வேலை. பொங்கலுக்கு வருவார், போவார். இதெல்லாம் என்ன டீச்சர் என்று தெருவே அவளிடம்தான் வந்து கேட்டது.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இப்படி ஒண்ணு இருக்கு. டி.என்.ஏ.ன்னு சொல்லுவோம். ரெண்டு புரி, ஒண்ணை ஒண்ணு சுத்தினது. அப்பா அம்மாகிட்டேருந்து வந்தது, அவங்களுக்கு அவங்க அப்பா அம்மாகிட்டேருந்து வந்தது. அதைப் பிடிக்கிறதுக்குன்னே சில புரதம் இருக்கு."

"புரதம்னா முட்டை, பருப்பு, அதானே?" என்றார் பொன்னுச்சாமி. விற்கிற சரக்கில் எதையாவது சொன்னால் அவருக்குப் புரியும்.

"அதுவும் புரதம்தான், இது வேற. இந்தச் சில புரதத்துக்குத் தனியா இருக்கிறப்ப உருவம்னு ஒண்ணு கிடையாது. பிழிஞ்சு போட்ட துணி மாதிரி கிடக்கும். நூலைத் தொட்டு வழுக்கிட்டே போகும். தன்னோட இடம் வந்ததும் மடங்கும், இறுகும், ஒரு உருவம் எடுக்கும். நூலும் சும்மா இருக்காது, அதுவும் அந்த இடத்துல வளைஞ்சு கொடுக்கும். ரெண்டும் அப்படிப் பொருந்தினாத்தான் அங்க ஒரு வேலை ஆரம்பிக்கும், இல்லேன்னா நடக்குற வேலை நிக்கும்."

"அப்போ அந்த உருவம் யாரோடது டீச்சர்? புரதத்தோடதா, நூலோடதா?" என்று கேட்டாள் விசாலாட்சி.

இந்த விசாலாட்சி நேரெதிர் வீட்டுக்காரி. மங்கையர்க்கரசிக்கு அக்கா என்றால் அக்கா. டீச்சருக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கிடந்தவள், டீச்சரின் அழுக்குத் துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவள், இட்லிக்கு மாவாட்டினால் பாதியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வருகிறவள்.

"பாதி அதுல இருக்கு, பாதி இதுல இருக்கு. சேர்ற வரைக்கும் ரெண்டுக்குமே தெரியாது" என்றாள் மங்கையர்க்கரசி.

நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலால்தான் அவள் கயிற்றுப் பக்கமே போகவில்லை. தனக்குள் பாதியாக எது கிடக்கிறதோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அவளுடைய அப்பா தபால்காரர். யோசித்து யோசித்து அவர் வைத்த பெயர் மங்கையர்க்கரசி; அந்தப் பெயரைக் கேட்டவர் எவரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. சொந்த ஊர் கேட்டால் ஊரைச் சொல்லாதே, பக்கத்து டவுனைச் சொல். எந்தத் தெரு என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி என்று சொல். டவுன் என்றிருந்தால் பஸ் ஸ்டாண்ட் இருக்கும், பஸ் ஸ்டாண்ட் என்றிருந்தால் அதற்குப் பின்னாடியும் ஏதாவது இருக்கும். இப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். இந்தத் தெருவில் வீடு வாடகைக்குக் கேட்டு வந்த அன்றும் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி என்றுதான் சொன்னாள். சொன்னதும் சாவி கொடுத்தார்கள். பொய் சொல்லிவிட்டோமே என்று ஒரு கூச்சம், உண்மையைச் சொல்லியிருந்தால் சாவி கிடைத்திருக்காதே என்று இன்னொரு கூச்சம், இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவள் தெருவில் எல்லோருக்கும் நல்ல டீச்சராக இருந்துவந்தாள்.

விளக்கு எரிந்தது, கொசு போனது, ஒலிபெருக்கி நின்றது. ஆனால் மூன்றாவது தெருவுக்கு உண்மையான கஷ்டம் ஒன்றே ஒன்றுதான், அது தண்ணீர். குழாய் என்ற பெயரில் வாசலுக்கு வாசல் ஒரு இரும்பு நின்றது. அதில் எப்போது தண்ணீர் வரும் என்பதை மழையிடம் கேட்டாலும் சொல்லாது, நகராட்சியிடம் கேட்டாலும் சொல்லாது. இத்தனை பேர் நின்று இத்தனை நடக்கிறதே, யாரோ ஒருவர் நின்றால் தண்ணீர் வராமலா போகும் என்று தர்மலிங்கத்துக்குத் தோன்றியது. வீடு வீடாக ஆளைக் கூட்டிவந்து நடத்திப் பார்த்தார். கடைசியில் மிச்சம் டீச்சர் மட்டும்.

"பாடம் நடத்துறவங்க நீங்களே ஒதுங்கி நின்னா எப்படி டீச்சர்? சும்மா ஒருதரம் நடந்துட்டு வந்துடுங்க."

குடத்தோடு நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி வந்துவிடக் கூடாது என்றே வாழ்ந்தவள், அந்தக் கேள்விக்குப் பயந்து கயிற்றில் கை வைத்தாள்.

கை வழுக்கிக்கொண்டே போனது. டிரான்ஸ்பார்மர் கடந்தது, தபால்பெட்டி கடந்தது, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, தப்பித்தோம் என்று மூச்சுவிடப்போகிற நேரத்தில் விசாலாட்சி வீட்டு வாசலுக்கு நேரே கயிறு கையை விட்டு இடுப்பில் வந்து ஒட்டியது. அவள் முழங்கால் பாதி மடிந்தது. இடுப்பு முன்னால் குனிந்தது. இரண்டு கையும் சேர்ந்து குவிந்து வாயோடு வந்து பொருந்தியது. தலை மட்டும் மேலே நிமிர்ந்து, ஊற்றப்போகிற கை எங்கே என்று கண் தேடியது.

அது என்ன உருவம் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெரியவர்களில் தெரியாதவர் யாரும் இல்லை. இன்ன தெருக்காரர் வந்து தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் கொடுக்கக் கூடாது, அவர்கள் கையும் வாயும் அதில் படக் கூடாது, அவர்களைக் குனியச்சொல்லி மேலேயிருந்து ஊற்ற வேண்டும் என்று ஒரு வழக்கம் அவரவர் ஊரில் இருந்தது. எங்கள் ஊரில் இல்லை, பக்கத்து ஊரில் உண்டு என்று எல்லா ஊர்க்காரரும் சொல்கிற வழக்கம். அந்த வழக்கத்தில் கீழே நிற்கிறவரின் உருவம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி என்ன இருந்தது என்று ஒரு வார்த்தையும் பேசாமல் தெரு தெரிந்துகொண்டது.

"ஏதோ யோகா மாதிரி இருக்கு" என்றார் ஒருவர், நல்லெண்ணத்தோடு.

"டீச்சருக்குத் தாகம் போல" என்றது இன்னொரு நல்லெண்ணம்.

எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். மங்கையர்க்கரசிக்குப் பின்வாங்கத் தோன்றவில்லை. வெட்கம் அவளை அப்படியே அடித்து இறுக்கியிருந்தது. அந்த நேரத்தில் குழாய்களெல்லாம் புர்ர் என்று காற்றுவிட்டன. தண்ணீர் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

விசாலாட்சிக்குத்தான் பொறுக்கவில்லை. "அய்யோ, என்ன எல்லாரும் பாத்துட்டு நிக்கிறீங்க" என்று கத்திக்கொண்டு, டீச்சரைத் தோளில் பிடித்துத் தூக்கிவிட ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அவள் உடம்பு பக்கத்திலேயே கயிற்றில் பட்டது. பட்டதும் அது இடுப்பில் ஒட்டியது; டீச்சரிடமிருந்து ஓரடி விலகி நின்றாள். வலதுகை உயர்ந்து மணிக்கட்டு சாய்ந்தது. இடதுகை, தண்ணீர் தெறித்துவிடாதபடி சேலைக் கொசுவத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டது. முகம், எதிரே நிற்கிறவளைப் பார்க்காமல், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கயிறு அந்த இடத்தில் வளைந்து தாழ்ந்தது. தெருவின் அத்தனை குழாயிலும் தண்ணீர் கொட்டியது.

அப்புறம் என்ன, குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, மாடித் தொட்டி வழிந்தது, வருஷக்கணக்காகக் கழுவாத மோட்டார் சைக்கிளையெல்லாம் கழுவினார்கள், பிள்ளைகள் குழாயடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. இரண்டு பெண்களும் ஒருத்தி ஏந்தி, ஒருத்தி ஊற்றி, நடுவில் ஒரு சொட்டும் இல்லாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. எப்படி ஏற்றுக்கொண்டது என்று சொன்னால்தான் தெருவின் சாமர்த்தியம் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்நாள் என்று முடிவானது. வெயில்படாமல் மேலே தகரம் போட்டார்கள். காலுக்கு ரப்பர் பாய் வாங்கினார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதால், யார் வீட்டுப் பெண்ணோ பெரியவளான விசேஷத்துக்கு அடித்த பழைய ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து இருவரையும் சுற்றி மறைத்துக் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் மாலை போட்ட ஒரு சின்னப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் நடப்பது நடக்கும். உருவத்தில் என்ன இருக்கிறது, தண்ணீர் வருகிறதா இல்லையா என்றார்கள். கொஞ்ச நாளில் உருவம் என்ற பேச்சே போய்விட்டது. டீச்சர் நின்னுட்டாங்களா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

டீச்சரிடம் எல்லோருக்கும் மரியாதை கூடிப்போனது. முன்பெல்லாம் வீட்டுக்குள் வந்து அடுப்படிவரை பேசிக்கொண்டே நடப்பவர்கள் இப்போது கேட்டுக்கு வெளியே நின்று கைகூப்பினார்கள். முன்பு எவர்சில்வர் டப்பாவில் வந்துகொண்டிருந்த சுண்டலும் கொழுக்கட்டையும் இப்போது புத்தம்புதுக் காகிதத் தட்டில் வந்தன. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சிரமம் உங்களுக்கு எதற்கு டீச்சர் என்றார்கள். அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். நன்றி சொன்னதற்காக உள்ளே போய் வெட்கப்பட்டாள். படித்தவள், பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நில் என்று சொல்கிறவள், அம்மாவின் குனிவைத் தன் முதுகில் பார்த்ததும் இப்படிக் கூசுகிறோமே, கூச வேண்டியது நாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்; கேட்டும் கூச்சம் போகவில்லை, வெட்கப்பட்டதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

ஃப்ளெக்ஸுக்குள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருத்திக்கு முகம் திரும்பியிருக்கும், இன்னொருத்திக்கு வாய் கைக்குள் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, விசாலாட்சி திரும்பிய முகத்தோடேயே பேசினாள்.

"டீச்சர், நான் ஊத்தியிருக்கேன்."

குவிந்த கைக்கு மேலே மங்கையர்க்கரசியின் கண் அவள் பக்கம் திரும்பியது.

"சின்னப் பிள்ளையில. எங்க கிணத்தடிக்கு வருவாங்க. வேலை செஞ்சுட்டு வர்றவங்க. எங்கப்பா என்னைத்தான் கூப்பிடுவாரு. எம்பொண்ணு ஊத்தினா ஒரு சொட்டு வெளிய சிந்தாதும்பாரு. எனக்கு அது பெருமையா இருக்கும் டீச்சர். மறந்தே போச்சு. சத்தியமா மறந்துட்டேன். இந்தக் கை மறக்கல."

"எனக்கு ஏந்தத் தெரியாதுக்கா" என்றாள் மங்கையர்க்கரசி, குவிந்த கைக்குள்ளிருந்து. "நான் ஒருநாளும் அப்படிக் குடிச்சதில்ல. எங்கம்மா குடிச்சிருக்கா. அவ குடிச்சு நான் பார்த்ததுகூட இல்ல."

வெளியே குடங்கள் நிறைகிற சத்தம் கேட்டது. யாரோ அடுத்த குடம், அடுத்த குடம் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். விசாலாட்சி அழுதாள்; கண்ணைத் துடைக்க ஒரு கையும் காலியாக இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.

தர்மலிங்கம் சங்கத்துக் கமிட்டியோடு போய் விசாலாட்சி வீட்டு வாசலில் நின்றார். அவள் கணவர் ராமசுப்பு கதவைத் திறந்த வேகத்திலேயே சத்தம் போட்டார். "எம் பொண்டாட்டி என்ன கடைத்தெரு பொம்மையா? மூணு நாளாச் சோறு திங்கல அவ. ஒரு பொம்பளையை அப்படி நிக்க வச்சுத் தண்ணி பிடிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

கமிட்டிக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. தப்புத்தான் அண்ணாச்சி, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து மங்கையர்க்கரசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அங்கே நின்றது ஒரு பெண் இல்லை, இரண்டு பெண்கள். அவர் கணக்கிலும் அது ஒன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர் இல்லாமல் செவ்வாய் போனது, வெள்ளி போனது, இன்னொரு செவ்வாயும் போனது. தண்ணீரே வராத காலத்தில் சமாளித்த தெருவுக்கு, வந்து நின்றுபோன தண்ணீரைச் சமாளிக்கத் தெரியவில்லை. கமிட்டி டீச்சர் வீட்டுக்கு வந்தது, கேட்டுக்கு வெளியே நின்றது.

"நீங்க ஒரு வார்த்தை போய்க் கேளுங்க டீச்சர். நீங்க கேட்டா அவங்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

"நான் போய்க் கேக்கணுமா?"

"நாங்க கேட்டா ராமசுப்பு சண்டைக்கு வர்றாரு. நீங்கன்னா..." தர்மலிங்கம் நல்ல வார்த்தை தேடினார், கிடைத்ததைச் சொன்னார். "நீங்க கேக்குறதுதான் முறையா இருக்கும்."

அவள் போனாள். போயிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது, அவளுக்கும் தோன்றியது. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் மறுபடி அடுப்படிவரை வர மாட்டார்களா, தெருவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவள் என்ற பேராவது மிஞ்சாதா என்று ஒரு நப்பாசை இருந்தது. அந்த நப்பாசையின் நாற்றம் அவளுக்கே அடித்தது. அதோடு சேர்த்துத்தான் தெருவைக் கடந்தாள். கமிட்டியும் குடங்களும் பின்னாலேயே வந்தன.

விசாலாட்சி வீட்டு வாசலில், ஃப்ளெக்ஸ் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில், கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனவள் நிமிர வேண்டிய இடத்தில் நிமிரவில்லை. கயிறு அவள் மேல் படவே இல்லை. இருந்தும் முழங்கால் மடிந்திருந்தது, முதுகு வளைந்திருந்தது, கை இரண்டும் வாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நூலை விட்டால் உருவம் போய்ப் பழையபடி தொளதொளத்துவிடும் என்றுதான் அவள் பாடம் நடத்தியிருந்தாள். மனுஷ உடம்பு அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

கதவைத் திறந்த விசாலாட்சி அதைப் பார்த்தாள். முதலில் தன் வலதுகையைத்தான் பார்த்துக்கொண்டாள், அது உயர்ந்துவிட்டதோ என்று. உயரவில்லை.

"நிமிருங்க டீச்சர்."

"முடியலைக்கா."

"எங்கிட்ட வந்து இப்படி நிக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். யார் அனுப்பினா உங்களை?"

மங்கையர்க்கரசி பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே தெரு முழுக்க நின்றிருந்தது, அவள் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, வேலை நடந்துவிடும் என்ற நம்பிக்கையோடு. ஒரு முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் வர்றேன் டீச்சர்" என்று விசாலாட்சி படியிறங்கினாள். "வந்து நின்னு தொலைக்கிறேன். நீங்க இப்படி எங்கிட்டக் கேக்குறதைவிட அது மேல்."

"வேண்டாம்க்கா."

சொன்ன பிறகு அவளுக்கு வகுப்பில் நிற்கிறபோது வருகிற குரல் வந்தது. குனிந்தபடியே வந்து, ஃப்ளெக்ஸின் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். மாலை போட்ட சின்னப்பெண் சரிந்து தரையில் மடிந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றாள் தெருவைப் பார்த்து. "நூல்ல ஒரு இடம் ஒரே புரதத்துக்குன்னு பட்டா போட்டுக் கொடுத்த இடம் இல்ல. ஒரே குடும்பத்துப் புரதம் எது வந்தாலும் அங்க ஒட்டும், அதே மாதிரி மடங்கும். பக்கத்துல ஒண்ணு ஏற்கெனவே ஒட்டியிருந்தாத்தான் சில இடம் திறக்கும், அதான் நீங்க தனியா நடந்தப்ப அங்க ஒட்டல. விசாலாட்சி அக்கா நின்ன இடத்துல உங்கள்ல எத்தனையோ பேர் நிக்கலாம். அவங்க மட்டும் நின்னது, என்னைத் தூக்கிவிட ஓடிவந்ததால. வேற யாரும் ஓடிவரல. அதான்."

முன்னால் நின்ற ஒருவர் இடுப்பிலிருந்த குடத்தைத் தரையில் இறக்கி வைத்தார்.

"அக்கா நின்னது போதும். நான் என் இடத்துல நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேணுங்கிறவங்க யாராவது ஒருத்தர் வந்து பக்கத்துல தொடுங்க. உங்க உடம்புல அது இல்லேன்னா ஒட்டாது, வழுக்கிட்டுப் போயிடும். பயப்பட என்ன இருக்கு?"

கயிற்றின் பக்கம் ஓரடி வைத்தாள். கயிறு வந்து இடுப்பில் ஒட்டியது. ஏற்கெனவே குனிந்திருந்த உடம்பு இன்னும் கொஞ்சம் இறுகியது. கை குவிந்தது, தலை நிமிர்ந்தது. இந்தத் தடவை கண் மேலே தேடவில்லை. எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. குழாய்கள் புர்ர் என்றன. தண்ணீர் குழாயின் கழுத்துவரை வந்து நிற்பது எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் வந்து தொட்டால் போதும்.

தர்மலிங்கம் வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் அவரைப் பார்ப்பதை உணர்ந்த அவர், தெருவிளக்கைப் பார்த்தார். பொன்னுச்சாமிக்குக் கடையில் ஆள் காத்திருப்பது ஞாபகம் வந்தது, ஆனால் போகவும் முடியவில்லை. நம்ம ஊரில் இந்த வழக்கமே இல்லை என்று ஒரு குரல் முணுமுணுத்தது. அப்போ நீங்க தொடலாமே என்று இன்னொரு குரல் முணுமுணுத்தது. இரண்டு குரலும் அத்தோடு அடங்கின. ராமசுப்பு வாசல்வரை வந்து, மனைவியையும் டீச்சரையும் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். தண்ணி லாரிக்குச் சொல்லிடலாமா என்று யாரோ கேட்டார்கள். பதில் சொன்னால் தன்னைப் பார்ப்பார்களோ என்று யாரும் பதிலும் சொல்லவில்லை.

விசாலாட்சி மட்டும் டீச்சருக்குப் பக்கத்தில் வந்து, கயிறு படாத தூரத்தில் நின்றாள். இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

மங்கையர்க்கரசி வாயைக் கைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள். இத்தனை வருஷம் தன் நெஞ்சுக்குள் ஒளித்துவைத்திருந்த கூச்சம், தனக்குச் சொந்தமானதே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் சொந்தக்காரர்கள் எதிரே குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார், ஒருவர் சட்டைப்பைக்குள் விட்டிருந்தார், ஒருத்தி முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள், இன்னொருத்தி அக்குளில் இடுக்கியிருந்தாள். தெரு முழுக்கக் குடங்கள் வாய்திறந்து வரிசையாக நின்றன. எதிரே நின்ற அத்தனை பேரில் ஒரு கைகூட வெளியே தெரியவில்லை.